ஆஃப்ரிகான்ஸ் பேச்சில் எந்தச் சொற்கள் பிடிக்கும்? எதையெல்லாம் நாமும் பேசலாம்?

வேலை மாறித் தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனுக்குப் போகிற ஒருவர் கேட்டிருக்கிறார்: அங்கே ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவர்கள் தங்களுக்குள் புழங்கும் கொச்சைச் சொற்களில் சுவையானவை எவை, அவற்றில் புதிதாக வருகிறவர் எதைப் பேசலாம், எதைத் தொடக்கூடாது என்று. நான் அந்த ஊரின் வடக்குப் புறநகரான பெல்வில் பக்கம் குடியிருக்கிறேன். அலுவலகத்தில் ஆங்கிலம், கடையிலும் தெருவிலும் ஆஃப்ரிகான்ஸ் என்று காது பழகிவிட்டது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

ஆஃப்ரிகான்ஸ் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது வெள்ளைக்கார ஆட்சியும் நிறவெறியும்தான். அது தப்பும் இல்லை. பள்ளியில் அந்த மொழியைக் கட்டாயமாகத் திணித்ததை எதிர்த்துத்தான் 1976 ஜூன் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினத்தவர் குடியிருப்பான சொவெட்டோவின் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், சுடப்பட்டார்கள். ஆனால் அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெள்ளையர் அல்ல. 1652இல் டச்சுக் கம்பெனி கேப்பில் கால் வைத்த பிறகு இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை, மடகாஸ்கர் என்று பல இடங்களிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களும் மண்ணின் மக்களான கோய் இனத்தாரும் எஜமானின் டச்சைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி உடைத்துப் பேசினார்கள். அதைப் பெரிய மனிதர்கள் 'சமையலறை மொழி' என்று கேலி செய்தார்கள். பிறகு அதே மொழிக்குப் பட்டுச்சட்டை போட்டு, 1925இல் ஆட்சிமொழியாக்கித் தங்கள் சொத்து என்று சொல்லிக்கொண்டார்கள். இந்த மொழியில் அச்சான ஆரம்பகாலப் புத்தகங்களில் ஒன்று, கேப் முஸ்லிம்களுக்காக அரபு எழுத்தில் எழுதி 1877இல் இஸ்தான்புல்லில் அச்சிட்ட மார்க்க நூல். எனக்குப் பிடித்த சொற்களில் பெரும்பாலானவை அந்தச் சமையலறைப் பக்கத்திலிருந்து வந்தவைதான்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இவர்களுடைய 'ஜி' எழுத்து தொண்டையைக் காறுகிற ஒலி. நம் ஆய்த எழுத்து அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்துவதால் 'ஃக' என்று எழுதுகிறேன். ஊரில் யாரும் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சிரிப்பார்கள்.

சரி, முதல் சொல் 'லெக்கர்'. யாரைக் கேட்டாலும் இதில்தான் தொடங்குவார்கள். ருசி என்பது அடிப்படைப் பொருள், ஆனால் இது நாக்கோடு நிற்பதில்லை. சாப்பாடு லெக்கர், வெயில் லெக்கர், கடற்கரை லெக்கர். தூங்கப் போகிறவரிடம் 'லெக்கர் ஸ்லாப்' என்றால் நன்றாகத் தூங்கு. மிட்டாய்க்குப் பெயரே லெக்கர்ஸ். லேசாகப் போதை ஏறியவனை 'லெக்கர்லெய்ஃப்' என்பார்கள், அதாவது உடம்பே லெக்கராகிவிட்டது. 'நீ லெக்கராக இல்லை' என்று ஒருவரிடம் சொன்னால் மட்டும் விஷயம் வேறு: உனக்கு மூளை சரியில்லை என்று அர்த்தம். தென் ஆப்பிரிக்காவில் எந்த மொழிக்காரரும் இந்தச் சொல்லை விடுவதில்லை. 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பலில் போன கரும்புத் தோட்டக் கூலிகளின் வழியில் வந்த டர்பன் தமிழர்களும் தங்கள் ஆங்கிலத்தில் சர்வசாதாரணமாக லெக்கர் போடுவார்கள்.

அடுத்தது நேரம். இது தெரியாவிட்டால் அலுவலகத்தில் கஷ்டம். 'நௌ' என்றால் இப்போது. 'நௌ-நௌ' என்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில். 'நெட்நௌ' என்றால் அப்புறம் எப்போதாவது. வேடிக்கை என்னவென்றால் நெட்நௌ இரண்டு பக்கமும் போகும். 'அவனை நெட்நௌ பார்த்தேன்' என்றால் சற்று முன்பு பார்த்தேன், 'நெட்நௌ வருகிறேன்' என்றால் பிறகு வருகிறேன். இதை அப்படியே ஆங்கிலத்தில் 'ஜஸ்ட் நௌ' என்று மொழிபெயர்த்துப் பேசுவார்கள். குழாய் ரிப்பேருக்கு வருகிறவர் தொலைபேசியில் 'ஜஸ்ட் நௌ வருகிறேன்' என்றால் வாசல் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்காதீர்கள். குளித்து, சமைத்து, சாப்பிட்டும் முடிக்கலாம். 'இதோ வந்துட்டேன், தெருமுனையில் இருக்கேன்' என்று வீட்டிலிருந்தே சொல்கிற ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி இல்லை.

இந்த நௌ-நௌ போன்ற இரட்டிப்புகள்தான் எனக்கு இந்த மொழியில் ரொம்பப் பிடித்த விஷயம். டச்சில் இது இந்த அளவுக்குக் கிடையாது. மலாய் பேசிய அடிமைகளின் பழக்கத்திலிருந்து வந்தது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. 'லஃக்' என்றால் சிரி, 'லஃக்-லஃக்' என்றால் சிரித்துக்கொண்டே, அலட்டிக்கொள்ளாமல். 'ஸ்பியல்' என்றால் விளையாடு, 'ஸ்பியல்-ஸ்பியல்' பரீட்சை எழுதினான் என்றால் விளையாட்டுப்போல எழுதித் தள்ளிவிட்டான். 'ப்ளெக்' இடம், 'ப்ளெக்-ப்ளெக்' மழை என்றால் அங்கங்கே மழை. 'ஃகௌ-ஃகௌ' சட்டுபுட்டென்று. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இதைப் படித்து மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். தமிழனுக்கு விளக்கமே வேண்டாம்.

அதேபோல முறைவைத்து அழைப்பது. வயதில் பெரிய ஆண் யாராக இருந்தாலும் 'ஊம்', பெண் 'டன்னி'. மாமா, அத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. பெட்ரோல் போடுகிறவரும் ஊம்தான், பேராசிரியரும் ஊம்தான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நன்றாக வளர்த்த பிள்ளை பெரியவரை நேருக்கு நேர் 'நீ' என்று சொல்லாது. முன்னிலையே வராமல் பேச்சை ஓட்டும். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை ஒருநாள் மதில் மேல் எட்டிப் பார்த்து என்னிடம் கேட்டது: 'ஊமுடைய நாய் ஊமுடைய செருப்பைத் தின்கிறதே, ஊமுக்குத் தெரியுமா?' செருப்பு போனது போகட்டும், அந்த மூன்று ஊமுக்காக நாயை மன்னித்துவிட்டேன். ஆனால் இதில் சிக்கலும் இருக்கிறது. நாற்பதை ஒட்டிய பெண்களை முதல்முறை டன்னி என்று கூப்பிட்டால் முகம் மாறும். நம்மூரில் 'ஆன்ட்டி' என்றால் என்ன ஆகுமோ அதே கதை.

உணர்ச்சிச் சொற்களை நிறையச் சொல்லலாம். அடிபட்டால் 'ஏய்னா!' இது கோய் மக்களின் மொழியிலிருந்து வந்தது. ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் முள் குத்தியவர்கள் கத்திய சொல் என்று நினைத்துக்கொள்வேன். யாராவது சாமர்த்தியமாக எதையாவது செய்தால் 'ஐட்சா!' அருவருப்புக்கு 'சீஸ்!', நம் 'சீ'யோடு ஒரு ஸகரம் கூடுதல், அவ்வளவுதான். 'ஆஃக் ஷேம்' என்பது பாதி ஆங்கிலம், பாதி ஆஃப்ரிகான்ஸ். பாட்டி வழுக்கி விழுந்தாலும் ஆஃக் ஷேம், பச்சைக் குழந்தை கொட்டாவி விட்டாலும் ஆஃக் ஷேம். ஆங்கிலேயர்கள் இதைக் கேட்டு 'குழந்தை பிறந்ததில் என்ன வெட்கம்?' என்று குழம்புவார்கள். நமக்கு 'அச்சோ' இருப்பதால் குழப்பம் இல்லை. முழு ஆஃப்ரிகான்ஸில் வேண்டுமென்றால் 'ஃபுய்டோஃக்'.

'யா-நியெ' என்று ஒன்று. 'ஆமாம்-இல்லை' என்று எழுத்துக்கு எழுத்துப் பொருள். உண்மையில் ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. 'ஹும், அப்படித்தான் போகுது உலகம்' என்கிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு ஊம்கள் ஒரு 'பக்கி'யில் சாய்ந்து நிற்பார்கள் (பக்கி என்றால் பின்னால் திறந்த தொட்டி வைத்த வண்டி, பிக்கப்). ஒருவர் வானத்தைப் பார்த்து 'யா-நியெ' என்பார். இரண்டு நிமிடம் கழித்து மற்றவர் 'யா' என்பார். மழை பொய்த்தது, டீசல் விலை, மருமகன் சரியில்லாதது எல்லாம் அதில் பேசி முடிந்தது.

சாப்பாட்டுப் பக்கம் 'பாட்கோஸ்' எனக்கு நெருக்கமான சொல். பாட் வழி, கோஸ் சாப்பாடு. கட்டுச்சோறு! நீண்ட பயணத்துக்கு வேகவைத்த முட்டை, குளிர்ந்த கோழி, இறைச்சி உருண்டை, சாண்ட்விச் எல்லாம் டப்பாவில் அடைத்துக்கொண்டு, சாலையோரம் கல்மேசை கண்ட இடத்தில் நிறுத்திச் சாப்பிடுவார்கள். நெடுஞ்சாலையில் எத்தனை கடை வந்தாலும் பாட்கோஸ் கட்டாமல் கிளம்பாத குடும்பங்கள் இருக்கின்றன. கேப் முஸ்லிம் வீடுகளில் இதற்கு அண்ணன் முறையாக 'பரகட்' என்று ஒன்று உண்டு. கல்யாணம், தொழுகைக் கூட்டம் எதற்குப் போனாலும் கிளம்பும்போது பலகாரத்தைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுப்பார்கள், வீட்டில் இருக்கிறவர்களுக்கு. அரபியில் பரக்கத் என்கிற ஆசிதான் இங்கே பொட்டலமாகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், இரண்டாவது பொட்டலமும் வரும். அந்த வீடுகளில் பெரியவர்கள் 'தயவுசெய்து' என்பதற்கு 'கனாலா', நன்றிக்கு 'த்ரமகாசி', பெருநாளுக்கு 'லபராங்' என்பார்கள். மலாய் தெரிந்தவர்களுக்கு மூன்றும் உடனே பிடிபடும். அடிமைக் கப்பலில் வந்தவர்கள் மொழியை இழந்தார்கள், மரியாதைச் சொற்களை மட்டும் விடவில்லை.

நாம் அன்றாடம் கேட்கிற 'பாய' (நிறைய, ரொம்ப) என்ற சொல்லும் மலாய் 'பன்யக்'கிலிருந்து வந்தது என்கிறார்கள். தமிழிலிருந்து ஒன்றாவது இல்லையா என்று கேட்பீர்கள். 'காட்டல்' இருக்கிறது, கட்டில்தான். போர்ச்சுகீசியர், மலாய்க்காரர் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தது. டச்சு வழிவந்த வெள்ளையர்கள் மாட்டு வண்டியில் நாடு விட்டு நாடு நகர்ந்த காலத்தில், தோல் வாரால் பின்னி வண்டிக்குள் போட்ட படுக்கைச் சட்டத்துக்கு இதுதான் பெயர். இப்போது கடையில் வாங்குவது 'பெட்'தான் என்றாலும் பழைய பண்ணை வீடுகளில் காட்டல் என்றால் புரியும். அந்த வண்டிப் பயணத்துக்குப் பெயர் 'ட்ரெக்'. நம் பசங்கள் கொடைக்கானலில் ட்ரெக்கிங் போகிறபோது தெரியாமலே ஓர் ஆஃப்ரிகான்ஸ் சொல்லைத்தான் முதுகில் சுமந்துகொண்டு ஏறுகிறார்கள்.

ஆனால் இன்றைக்கு உயிரோடு துள்ளுகிற கொச்சை எங்கே இருக்கிறது என்றால், என் கருத்தில் கேப் ஃப்ளாட்ஸில்தான். 1966 பிப்ரவரியில் கேப் டவுனின் நடுவே இருந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, பின்வந்த ஆண்டுகளில் 60,000க்கும் மேற்பட்டவர்களை வீட்டை இடித்து விரட்டினார்கள். அவர்கள் போய் விழுந்த மணல்வெளிதான் கேப் ஃப்ளாட்ஸ். அங்கே பேசுகிற ஆஃப்ரிகான்ஸுக்குக் 'காப்ஸ்' என்று பெயர். பள்ளியில் இதைப் பேசினால் திருத்துவார்கள். கவிஞர் ஆடம் ஸ்மால் இதிலேயே கவிதை எழுதி, இது வேடிக்கைக்கான வழக்கு இல்லை, ஒரு மொழி என்று வாதாடினார். 2021இல் மேற்கு கேப் பல்கலைக்கழகத்தில் காப்ஸுக்கு மும்மொழி அகராதி ஒன்றுக்கான வேலை தொடங்கியது.

இங்கே எல்லாமே தலைகீழ். 'க்வாய்' என்றால் பொதுமொழியில் முரடு, கடிக்கிற நாயைச் சொல்வது. காப்ஸில் க்வாய் என்றால் செம, மாஸ். ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் 1990களில் கிளம்பிய க்வைட்டோ இசைக்குப் பெயர் இதிலிருந்துதான் வந்தது என்று பலரும் சொல்வார்கள். 'டெய்டலக்' என்றால் தெளிவு. ஒருவன் புது ஷூ போட்டு வந்தால் 'டெய்டலக்!' என்பார்கள். தெளிவுக்கும் ஷூவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது. 'அவே' என்றால் வணக்கம், சரி, ஆமாம், நன்றி எல்லாம். 'அவே, மா ச கிண்ட்' என்றால் 'வாடா, என் கூடப் பிறந்தவனே', நேர்ப்பொருள் அம்மாவின் பிள்ளை. விடைபெறும்போது 'மின் டா' என்று கேட்பீர்கள். குறைந்த நாட்கள் என்று பொருள். சிறையிலிருந்து வந்த சொல். விடுதலைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான், தாங்கிக்கொள் என்று கைதிகள் சொல்லிக்கொண்டது வெளியே வந்து சாதாரண வாழ்த்தாகிவிட்டது. சிறைவழிச் சொற்கள் இப்படிச் சில உண்டு. அர்த்தம் தெரிந்து வைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது, அவற்றின் பின்னால் கும்பல் கணக்குகள் இருக்கும்.

சொலவடைகளில் ஒன்றிரண்டு. ஒருவர் சபையில் நச்சென்று ஒன்று சொல்லிவிட்டால், 'இப்படி ஒரு வாய்க்கு ஜாம் கொடுக்கணும்' என்பார்கள். நாம் சர்க்கரை போடுவோம், அவர்கள் ஜாம். இதில் வாய்க்கு அவர்கள் போடுகிற சொல் 'பெக்', அது விலங்கின் வாய்க்கானது. செல்லத் திட்டும் பாராட்டும் ஒரே மூச்சில். பாதி பேச்சில் நுழைந்து, முன்னே என்ன நடந்தது என்று தெரியாமல் கருத்துச் சொல்கிறவனை 'ஸ்டோம்பி பொறுக்குகிறான்' என்பார்கள். ஸ்டோம்பி என்றால் பிடித்துப் போட்ட சிகரெட் துண்டு. அடுத்தவன் இழுத்து எறிந்த கடைசிக் கங்கைப் பொறுக்கிப் பற்றவைக்கிறவன்! இதைவிடக் கச்சிதமாக அந்த ஆளைச் சொல்ல முடியாது. எல்லை மீறி ஆட்டம் போட்டால் 'கோழியைப் பிடித்து இழுக்காதே'. வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் 'நரி ஓநாய் பெண்டாட்டியைக் கட்டிக்கிறது'. நம்மிடம் காக்கைக்கும் நரிக்கும் கல்யாணம், அங்கே கொஞ்சம் வில்லங்கமான கல்யாணம். அந்தக் கதைகளின் ஓநாய் பெரும்பாலும் கழுதைப்புலிதான், ஆப்பிரிக்காவின் அந்தப் பக்கத்தில் ஓநாய் ஏது. தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று நம் அதிகாரிகள் மிரட்டுவார்களே, அதற்கு அங்கே நிஜமாகவே ஓர் ஊர் இருக்கிறது: வடக்கு கேப்பில் 'பட்சோண்டர்வாட்டர்'. தண்ணீரில்லாக் கிணறு என்று அர்த்தம்.

இனி எச்சரிக்கை. திட்டுச் சொற்கள் இந்த மொழியில் அபாரம், சத்தமே அடி போல விழும். மின்னலும் இடியும் ('ப்ளிக்சம்', 'டோண்டர்') ஆளைத் திட்டவும் உதைக்கவும் பயன்படுகிற சொற்கள். கர்த்தரின் பெயரை வீணாக வழங்கக்கூடாது என்பதில் சர்ச் கறாராக இருந்ததால், ஏசுவின் பெயரைத் திரித்து 'யிஸ்லாய்க்!' என்று ஆச்சரியப்படுவார்கள். இதைப் பலர் பிள்ளைகள் முன்பும் சொல்வார்கள், ஆனாலும் வயதான டன்னி முன் வேண்டாம். 'ஃகட்ஃபோல்' என்றால் வெறுத்துப்போச்சு, போதும்டா சாமி. நண்பர்களிடம் சரி, மேலதிகாரிக்கு மின்னஞ்சலில் எழுத முடியாது, ஏனென்றால் நிரம்பி வழிகிற இடம் உடம்பின் பின்பக்கம். மரியாதையாகச் சொல்ல 'கியல்ஃபோல்', கழுத்துவரை. 'ஃபுட்செக்' நாயை விரட்ட. மனிதரிடம் சொன்னால் சண்டை நிச்சயம். 'கூலி' என்பது நம் வாயில் சாதாரணச் சொல். அங்கே இந்தியர்களை இழிவுபடுத்த நூறு வருஷத்துக்கு மேலாகச் சொன்னது, இன்றும் கொதிக்கிற சொல். கறுப்பினத்தவரைக் குறிக்கும் 'க' வரிசைச் சொல் ஒன்றும் உண்டு, அதைச் சொல்லி ஒருவர் 2018இல் சிறைத் தண்டனையே பெற்றார். நகைச்சுவைக்கென்றாலும் பக்கத்தில் போகாதீர்கள்.

நீங்கள் தொடங்க லெக்கர், பாய டாங்கி (ரொம்ப நன்றி), நெட்நௌ, ஆஃக் ஷேம் நான்கும் போதும். காப்ஸ் சொற்களை அவர்களே உங்களிடம் சொல்லும்வரை பொறுங்கள். வெளியாள் முதல் நாளே 'அவே மா ச கிண்ட்' என்றால் நக்கலாகப் படும். முதல் வாரத்திலேயே யாராவது 'ப்ராய்'க்குக் கூப்பிடுவார்கள். விறகுத் தீயில் இறைச்சி வாட்டுகிற விருந்து. 'பிரிங் அண்ட் ப்ராய்' என்றால் உங்கள் இறைச்சியை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், கையை வீசிக்கொண்டு போய் நிற்காதீர்கள். வீட்டுக்காரர் கையில் இருக்கிற இடுக்கியை மட்டும் வாங்கி உதவப் பார்க்காதீர்கள், அது அவருடைய செங்கோல். சைவம் என்றால் 'ப்ராய்ப்ரோய்க்கி' எப்போது வரும் என்று கேளுங்கள். ரொட்டிக்குள் சீஸ், தக்காளி, வெங்காயம் வைத்துக் கடைசித் தணலில் வாட்டுவது. நெட்நௌ என்று பதில் வரும், அதற்கேற்றபடி வீட்டில் ஏதாவது சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள்.